ஆளிக்கு ஆணை இடுபவர் யார்?

இலங்கைப் பாடசாலைகளில் தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சுவிட்ச் என்னும் வலையமைப்புக் கருவி ‘ஆளி’ என்றே அறிமுகமாகிறது. வீட்டுச் சுவரில் மின்குமிழை எரித்து அணைப்பதும் அதே ஆளிதான். சொல்லின் அடி ‘ஆள்’; ஆள்வது எதுவோ அது ஆளி. கலைச்சொல் ஆக்கியவர்கள் நல்ல பெயரைத்தான் தேர்ந்தார்கள். தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு தரவுப் பொதியையும் பார்த்து, இது இந்த வாசலால் போக வேண்டும், அது அந்த வாசலால் போக வேண்டும் என்று தானே தீர்ப்புச் சொல்லும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

அந்த ஆளியிடமிருந்து ஆட்சியைப் பிரித்தெடுத்ததே மென்பொருள்வழி வரையறுக்கப்பட்ட வலையமைப்பு. பெயர் நீளமானது, கருத்து எளியது. பழைய ஆளிக்குள்ளும், வழிப்படுத்தி எனப்படும் ரவுட்டருக்குள்ளும் இரண்டு வேலைகள் பின்னிக் கிடந்தன. ஒன்று, எந்தப் பொதி எந்த வழியால் போகலாம் என்று தீர்மானிப்பது. மற்றது, தீர்மானித்தபடி கடத்துவது. ஒவ்வொரு கருவியும் அயலாரிடம் விசாரித்து, தன் அறிவுக்கு எட்டியவரை வழி வகுத்துக்கொண்டது. முழு வலையமைப்பையும் பார்க்கும் கண் எங்கும் இருக்கவில்லை. 2007இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோவும் அவரோடு உழைத்தவர்களும் ‘ஈதேன்’ என்ற அமைப்பில் தீர்மானத்தை ஓரிடத்தில் குவித்துக் காட்டினார்கள். 2008இல் நிக் மக்கியோன் முதலியோர் ‘ஓப்பன்ஃப்ளோ’ என்ற நெறிமுறையை முன்வைத்தார்கள். இதன்படி ஆளியிடம் மிஞ்சுவது ஓர் அட்டவணை. ‘இப்படிப்பட்ட பொதி வந்தால் இப்படிச் செய்’ என்ற வரிகளும், அவ்வரிக்கு எத்தனை பொதிகள் பொருந்தின என்ற எண்ணிக்கையுமே அதில் இருக்கும். எந்த வரிக்கும் பொருந்தாத பொதி வந்தால், முன்கூட்டியே சொல்லிவைத்தபடி, ஆளி அதைத் தீர்மானம் குவிந்திருக்கும் ‘கட்டுப்படுத்தி’யிடம் அனுப்பிக் கேட்கும். கட்டுப்படுத்தி புதிய வரி ஒன்றை எழுதி அனுப்பும்.

கட்டுப்படுத்தியைத் தொழிலில் உள்ளவர்கள் கொன்ட்ரோலர் என்றே சொல்வார்கள். எனக்குத் தமிழ்ச் சொல்லின் உள்ளமைப்புப் பிடிக்கும். கட்டு என்பது பிணைப்பு. கட்டுப்படுத்துவது அடக்குவது மட்டுமன்று, சிதறியிருப்பதை ஒரு கட்டுக்குள் கொண்டுவருவதுமாகும். இங்கே கட்டுக்குள் வருவது நூற்றுக்கணக்கான ஆளிகள். கட்டும் கை ஒன்றாக இருக்கும்வரை விளக்கம் இவ்வளவோடு முடிந்துவிடும். கைகள் பலவாகும்போதுதான் மெய்யான கேள்வி பிறக்கிறது.

கைகள் ஏன் பலவாக வேண்டும்? வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது தூரம். ஒளியியல் நாரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் ஓடுகிறது. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு வீதிவழியே ஏறத்தாழ 330 கிலோமீற்றர். நாரும் அதே நீளம் என்று கொண்டால், இங்குள்ள ஓர் ஆளி கொழும்பிலுள்ள கட்டுப்படுத்தியைக் கேட்டு மறுமொழி பெற நாரில் மட்டும் 3.3 மில்லிசெக்கன் செல்லும். இலங்கை அளவுள்ள நாட்டுக்கு இது பெரிய குறையன்று. 2012இல் ஹெல்லர், ஷெர்வூட், மக்கியோன் மூவரும் கட்டுப்படுத்தியை எங்கே வைப்பது என்ற கேள்வியை மெய்யான வலையமைப்புகளின் வரைபடங்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். விரைவை மட்டும் கருதினால் பெரும்பாலும் ஓரிடமே போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பழுதைத் தாங்க அது போதாது என்பதையும் அவர்கள் அதே மூச்சில் சொன்னார்கள்.

இரண்டாவது காரணம் வேலைப் பளு. முதற் கட்டுப்படுத்திகளில் ஒன்றான ‘நொக்ஸ்’ ஆரம்பத்தில் செக்கனுக்கு ஏறத்தாழ 30,000 புதிய கேள்விகளுக்கு விடை சொன்னது. பெரிய தரவு மையத்துக்கு இது காணாது. ஆனால் பல இழைகளில் இயங்கும்படி அதைத் திருத்தி எழுதியபோது, 2012இல், ஒரே இயந்திரம் செக்கனுக்கு 16 இலட்சம் கேள்விகளைத் தாங்கியது. ஆகவே பளுவையும் ஓரளவு ஒரே கையால் சுமக்கலாம். மிஞ்சுவது மூன்றாவது காரணம்: அந்த ஒரு கை ஓய்ந்துவிட்டால் என்ன செய்வது? மின்சாரம் நிற்கலாம், நார் அறுபடலாம், மென்பொருளில் ஒரு பிழை ஒளிந்திருக்கலாம். பல கட்டுப்படுத்திகள் வேண்டும் என்பதற்கு அசைக்க முடியாத காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன். காரணத்தை இவ்வாறு தெளிந்துகொள்வது முக்கியம், வடிவமைப்பு அதைத் தொட்டுத்தான் அமையும். விரைவுக்காகப் பல வைப்பவர் வேலையைப் பங்கிட்டால் போதும். பழுதுக்காகப் பல வைப்பவரோ அறிவையும் பங்கிட வேண்டும். ஒன்று விழும்போது மற்றது அதன் இடத்தில் நின்று பேச வேண்டுமென்றால், விழுந்தது அறிந்திருந்ததை நிற்பதும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

இனி ஒரு சொற்குறிப்பு. தமிழில் ‘ஒருமை’ என்றும் ‘ஒற்றுமை’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. ஒருமை எண்ணிக்கையைச் சொல்வது: இருப்பது ஒன்று. ஒற்றுமையோ பல பொருள்கள் ஒன்றிநிற்கும் நிலை. பலவாக இருந்தால்தான் ஒற்றுமை என்ற சொல்லுக்கே வேலை. இத்துறையினர் தம் இலக்கைத் ‘தருக்கத்தில் ஒன்று, இடத்தில் பல’ என்று வரையறுக்கிறார்கள். வலையமைப்புக்கு நிரல் எழுதுபவருக்கு ஒருமை தோன்ற வேண்டும். உள்ளே இருப்பது ஒற்றுமை. ஒருமைபோலத் தோன்றும் அளவுக்கு ஒற்றுமையைப் பேண என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதே இதன் பின் நாம் பார்க்கப்போவது.

விலையைப் புரிந்துகொள்ள எங்கள் கிளிநொச்சிப் பக்கத்துக் குளம் ஒன்றைப் பார்க்கலாம். ஏ-9 வீதிக்குக் கிழக்கே இருப்பது இரணைமடு. ‘இரணை’ என்றால் இரட்டை. கடலில் இரண்டு தீவுகளாய்க் கிடக்கும் இரணைதீவின் பெயரிலும் அதே சொல் உண்டு. இரு மடுக்கள் சேர்ந்த ஒரே நீர்ப்பரப்பு இரணைமடு. 2018இல் புனரமைப்பு நிறைவேறிய பின் அதன் முழு நீர்மட்டம் 36 அடி. இடதுகரையிலும் வலதுகரையிலும் வாய்க்கால்கள் புறப்படுகின்றன. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்பவற்றை அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கிறது.

இந்த ஏற்பாட்டில் இருவகை அறிவு கலந்திருப்பதைக் கவனியுங்கள். குளத்து நீர்மட்டம் ஒருவகை. இடதுகரையில் நிற்பவருக்குக் காலை ஆறு மணி மட்டம்தான் தெரியும், இப்போது பத்து மணி என்றால் கெடுதி பெரிதில்லை, ஓர் அங்குலம் முன்பின் இருக்கும், மாலைக்குள் சரியாகிவிடும். ஒரு துருசின் திறப்பு யார் கையில் என்பது மற்றொரு வகை. இதில் ‘ஏறத்தாழ’ என்ற பேச்சே கிடையாது. ஒரே துருசை இருவர் தத்தம் கணக்கின்படி திறந்து பூட்டத் தொடங்கினால், இருவர் கணக்கும் சரியாக இருந்தாலும் வயல் கெடும். முதல் வகை அறிவு பிந்தி வரலாம். இரண்டாம் வகை அறிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லில் நிற்க வேண்டும், அதற்காகக் காத்திருக்கவும் வேண்டும்.

பல கட்டுப்படுத்திகளை ஒத்துழைக்கச் செய்யும் கலை முழுவதும் இந்தப் பிரிப்பில் அடங்கியிருக்கிறது என்பதே என் துணிபு. எதை உடனே பகிர வேண்டும், எதைப் பிந்திப் பகிரலாம் என்று ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே எடைபோட வேண்டும். எல்லாவற்றையும் உடனே, எல்லோரும் இசைந்த பின்பே பதிவது என்று வைத்தால் வலையமைப்பு ஊர்ந்துபோகும். எல்லாவற்றையும் பிந்தவிட்டால் இருவர் ஒரு துருசைத் திருப்புவார்கள்.

இத்துறையின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு வாசித்தால் அது தெளிவாகிறது. 2010இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஹைப்பர்ஃப்ளோ’, ஒவ்வொரு ஆளியையும் அருகிலுள்ள கட்டுப்படுத்தியிடம் ஒப்படைத்தது. ஒரு கட்டுப்படுத்தி கண்ட முக்கிய நிகழ்வுகள் மற்றவற்றுக்கு அறிவிக்கப்பட, அவை அதே நிகழ்வுகளைத் தம்மிடத்தில் மீண்டும் நடத்திப் பார்த்து ஒரே படத்தை வரைந்துகொண்டன. அதே ஆண்டு வெளிவந்த ‘ஒனிக்ஸ்’ ஒரு படி மேலே போனது. அது வலையமைப்பைப் பற்றிய அறிவை வைக்க இரண்டு களஞ்சியங்களைக் கொடுத்தது. ஒன்று மெதுவானது, ஆனால் எழுதியது எழுதியபடி எல்லாப் பிரதிகளிலும் நிற்கும். மற்றது விரைவானது, ஆனால் பிரதிகள் சற்று நேரம் வேறுபட்டிருக்கலாம். எந்தச் செய்தியை எதில் வைப்பது என்ற தீர்ப்பை அது நிரல் எழுதுபவரிடமே விட்டது. பொறுப்பை அப்படி வெளிப்படையாகக் கைமாற்றியதே ஒனிக்ஸின் பெருமை என்று நினைக்கிறேன்.

2014 டிசம்பரில் திறந்த மூல மென்பொருளாக வெளியான ‘ஓனோஸ்’ இப்பிரிப்பை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. குரு பருல்கர் தலைமையில் இயங்கிய ஓன்.லாப் என்ற நிறுவனத்தின் ஆக்கம் அது. (அதன் வெளியீடுகளுக்கு அகரவரிசையில் பறவைப் பெயர்கள் இட்டார்கள். அரிவாள் மூக்கனும் மீன்கொத்தியும் அவற்றில் உண்டு. குளத்தங்கரையில் வளர்ந்தவர்களுக்கு மனப்பாடம் செய்ய எளிது.) எந்த ஆளி எந்த ஆளியோடு இணைந்திருக்கிறது என்ற படத்தை ஓனோஸ் முதல் வகை அறிவாக நடத்துகிறது. ஓர் இணைப்பு அறுந்தால் அதைக் கண்ட கட்டுப்படுத்தி மற்றவற்றுக்கு உடனே அறிவிக்கும், அவற்றின் சம்மதத்துக்குக் காத்திராது. அறிவிப்புத் தவறியிருந்தால்? ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் சில செக்கன்களுக்கு ஒருமுறை வேறொன்றை எழுமாறாகத் தேர்ந்து, ‘உன்னிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இருக்கிறது’ என்று ஒப்பிட்டுப் பார்க்கும். விடுபட்டது அப்போது நிரம்பும்.

இங்கே நின்று நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒப்பிடும்போது இரண்டு செய்திகள் முரண்பட்டால் எது புதியது? கடிகாரத்தை நம்ப முடியாது. இரண்டு இயந்திரங்களின் கடிகாரம் ஒருபோதும் முற்றாக ஒத்திராது. ஓனோஸ் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு எண்களை முத்திரையாக இடுகிறது. முதலாவது, அந்த ஆளிக்குத் தலைமை தாங்கும் உரிமை எத்தனையாவது முறையாகக் கைமாறியிருக்கிறது என்ற பதவிக்கால எண். இரண்டாவது, அந்தப் பதவிக்காலத்துக்குள் அது எத்தனையாவது செய்தி என்ற தொடர் எண். பெரிய பதவிக்காலம் வெல்லும். பதவிக்காலம் ஒன்றானால் பெரிய தொடர் எண் வெல்லும். நேரத்தைக் கேட்காமலே ‘முன்’, ‘பின்’ என்ற உறவு நிலைநாட்டப்படுகிறது. ஆனால் பதவிக்காலம் என்பது யாருக்கு உரிமை என்ற கேள்வியிலிருந்து வருவது, அதாவது இரண்டாம் வகை அறிவு. பிந்தி வரக்கூடிய அறிவு முழுவதும் பிந்தக் கூடாத ஒரு சிறு அறிவின் மேல் ஊன்றி நிற்கிறது. அந்தச் சிறு அறிவை இனிப் பார்ப்போம்.

2011 டிசம்பரில் வந்த ஓப்பன்ஃப்ளோவின் 1.2ஆம் பதிப்பு, ஓர் ஆளியோடு பல கட்டுப்படுத்திகள் தொடர்பு வைத்திருக்க மூன்று நிலைகளை வகுத்தது: தலைமை, துணை, சமன். தலைமை ஆணையிடலாம். துணை பார்க்கலாம், எழுத முடியாது. சமனிலையில் உள்ளவை எல்லாம் எழுதலாம். ஒரு கட்டுப்படுத்தி ‘நானே தலைமை’ என்று அறிவித்தால், ஆளி முன்னைய தலைமையைத் துணையாக இறக்கிவிடும். யார் தலைமை என்று ஆளி ஆராய்வதில்லை, அது கட்டுப்படுத்திகள் தமக்குள் முடிவுசெய்ய வேண்டிய விடயம். ஆளி கவனிப்பது ஒன்றே: உரிமை கோருபவர் கொண்டுவரும் தலைமுறை எண், தான் கடைசியாகக் கண்டதைவிடச் சிறியதா? சிறியதென்றால் அக்கோரிக்கை தள்ளப்படும். பழைய உத்தியோகத்தர் பழைய நியமனக் கடிதத்தோடு வந்து நிற்பதைப் போன்றது அது.

கட்டுப்படுத்திகள் தமக்குள் முடிவுசெய்வது எப்படி? இதற்குத் தமிழில் ‘இசைவு’ என்பது நல்ல சொல். இசைதல் பொருந்துதல். ஸ்டான்போர்டைச் சேர்ந்த ஒங்காரோவும் ஊஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்ட ‘ராஃப்ட்’ இன்று இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. படிப்பவருக்கு விளங்க வேண்டும் என்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு அமைக்கப்பட்ட நெறிமுறை அது. ஓர் ஆசிரியனாக எனக்கு அதில் தனி மதிப்பு. தலைவரிடமிருந்து குறித்த நேரத்துக்குள் சத்தம் வராவிட்டால், காத்திருப்பவர்களில் ஒருவர் பதவிக்கால எண்ணை ஒன்று கூட்டி வாக்குக் கேட்பார். எல்லோரும் ஒரே கணத்தில் எழுந்து வாக்குகளைச் சிதறடிக்காதபடி ஒவ்வொருவரும் காத்திருக்கும் நேரம் எழுமாறாக வேறுபடும். மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் வாக்குக் கிடைத்தால் தலைவர். தலைவர் எழுதும் ஒவ்வொரு வரியும் பாதிக்கு மேற்பட்டோரிடம் பதிந்த பின்பே உறுதியாகும்.

பாதிக்கு மேல் என்ற கட்டுப்பாட்டின் வலிமை சங்கக் கூட்டங்களில் கூட்டநடப்பெண் பார்த்துப் பழகியவர்களுக்கு விளங்கும். ஊர்ப் பேச்சில் ‘கோரம் காணாது’ என்று கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். ஐந்து பேர் கொண்ட குழுவில் இரண்டு இடங்களில் தனித்தனியே மூவர் கூட முடியாது. ஒருவராவது இரண்டிலும் இருந்தாக வேண்டும். அந்தப் பொதுவான ஒருவர் முரண்பட்ட இரண்டு தீர்மானங்களுக்கு வாக்களிக்க மாட்டார். இதே கணக்குத்தான் கட்டுப்படுத்திகளை ஒற்றைப்படை எண்ணில் வைக்கச் சொல்கிறது. மூன்று வைத்தால் ஒன்று விழலாம். நான்கு வைத்தாலும் ஒன்றுதான் விழலாம், ஏனெனில் அங்கே பெரும்பான்மை மூன்று. ஐந்து வைத்தால் இரண்டு விழலாம். நான்காவது இயந்திரத்துக்குச் செலவழித்த பணம் பழுதைத் தாங்கும் ஆற்றலை ஒரு துளியும் கூட்டுவதில்லை.

இனி மிகவும் கடினமான அடுக்கு. கட்டுப்படுத்தி ஒன்று விழுவது ஒரு நிலை. அது நன்றாக இயங்கிக்கொண்டிருக்க, இடையிலுள்ள தொடர்பு மட்டும் அறுவது வேறொரு நிலை. வெளியிலிருந்து பார்க்கும் மற்றக் கட்டுப்படுத்திகளுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்: சத்தம் இல்லை. போர்க்கால வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை. தொலைபேசி இல்லாத ஆண்டுகளிலும், 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி பூட்டப்பட்ட பின்பும், இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றிப் பழைய செய்தியோடுதான் முடிவுகள் எடுத்தார்கள். கடிதம் வந்து சேரும்போது அதிலிருந்த செய்தி வேறாகியிருக்கும். எழுதியவர் பொய் எழுதவில்லை, வாசித்தவர் பிழையாக வாசிக்கவுமில்லை. மௌனத்தை என்னவென்று பொருள் கொள்வது என்பதே எல்லோரையும் வாட்டிய கேள்வி.

எரிக் புரூவர் 2000இல் முன்மொழிந்து, கில்பேர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிறுவிய தேற்றம் இதைத்தான் கணிதமாகச் சொல்கிறது: தொடர்பு அறுந்திருக்கும்போது எல்லோரிடமும் ஒரே செய்தி இருப்பதையும், கேட்டவர் எல்லோருக்கும் விடை சொல்வதையும் சேர்த்துக் காக்க முடியாது. ஒன்றை விட வேண்டும். ஆகையால் சிறுபான்மைப் பக்கத்தில் தனித்துப்போன கட்டுப்படுத்தி புதிய ஆணை இடாமல் அடங்கியிருக்குமாறு அமைக்கிறார்கள். அதன் கீழுள்ள ஆளிகளின் கதி என்ன? ஓப்பன்ஃப்ளோ இதற்கு இடம் வைத்திருக்கிறது. கட்டுப்படுத்தி எதனோடும் தொடர்பற்றுப்போன ஆளி, அட்டவணையில் ஏற்கெனவே உள்ள வரிகளின்படி கடத்தலைத் தொடரலாம். புதிய கேள்விகளுக்கு மட்டும் விடை கிடையாது. கடைசியாகத் திறந்துவிட்ட அளவிலேயே துருசு நிற்க, தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதைப்போல.

ஒத்துழைப்புக்குச் சமநிலைக் குழு ஒன்றே வடிவமன்று. 2012இல் ரொறன்ரோவில் உருவான ‘கண்டூ’ இரு தட்டுகளை வைத்தது: உள்ளூர் விடயத்தைத் தாமே முடிக்கும் கீழ்த்தட்டுக் கட்டுப்படுத்திகள், முழுப் பார்வை தேவைப்படுவதை மட்டும் கவனிக்கும் மேல்தட்டு. தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பைப் பற்றி கூகுள் 2013இல் வெளியிட்ட கட்டுரையிலும் இத்தகைய அடுக்கு உண்டு. ஒவ்வோர் இடத்திலும் சில கட்டுப்படுத்திகள் தமக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்துகொள்ள, போக்குவரத்தை எந்த வழிகளில் பகிர்வது என்பதை ஒரு மையச் சேவையகம் வகுக்கிறது. அவர்கள் மறைக்காமல் எழுதிய ஒரு பெரிய தடங்கலின் மூலம் எதுவென்றால், கையால் அமைத்தபோது இரண்டு ஆளிகளுக்குத் தவறுதலாக ஒரே அடையாள எண் கொடுக்கப்பட்டது. உரிமையைப் பற்றிய எல்லா இசைவும், பெயர் ஒன்றுக்கு ஆள் ஒன்று என்ற நம்பிக்கையில் நடப்பது. அது பிசகினால் மேலே உள்ள அடுக்குகள் தாங்காது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. அங்கே கணினிப் பொறியியல் படிக்கும் மாணவரோ, வீட்டில் மடிக்கணினி உள்ள எவருமோ, இதுவரை சொன்னதைத் தம் கண்ணால் பார்க்கலாம். 2010இல் அறிமுகமான ‘மினிநெற்’ ஒரே கணினிக்குள் பல ஆளிகள் கொண்ட வலையமைப்பை உண்டாக்கித் தரும். அதன் மேல் மூன்று ஓனோஸ் கட்டுப்படுத்திகளை நிறுத்துங்கள். முதலில் தலைமையாய் இருப்பதை நிறுத்திப் பாருங்கள். சிறிது நேரத்தில் உரிமை மற்றொன்றிடம் போகும், இது எல்லோரும் செய்யும் சோதனை. அதோடு எழுந்துவிட வேண்டாம். நிறுத்தியதை மீண்டும் இயக்கி, மூன்றையும் உயிரோடு விட்டு, இப்போது தலைமையாய் இருப்பதற்கும் மற்ற இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பை மட்டும் அறுங்கள். ஆளிகளோடு அதற்குள்ள தொடர்பைத் தொடாதீர்கள். இப்போது புதிய பாதை ஒன்று கேட்குமாறு பொதிகளை அனுப்பி, தனித்துப்போன கட்டுப்படுத்தி என்ன செய்கிறது என்று பதிவேட்டில் பாருங்கள். சில நிமிடம் கழித்து இணைப்பைத் திரும்பக் கொடுங்கள். அது பெரிய பதவிக்கால எண்ணைக் கண்டதும் தானே பின்வாங்கும். பெரும்பான்மை இசைவு பெறாமல் அது எழுதியிருந்த வரிகள் பதிவேட்டிலிருந்து நீங்கும். அதன்பின் ஒவ்வோர் ஆளியின் அட்டவணையையும் வெளியே எடுத்து, வரி வரியாக வாசியுங்கள். கட்டுப்படுத்திகள் எல்லாம் மறந்துவிட்ட ஒரு வரி ஏதாவதோர் ஆளியில் இன்னும் கிடந்து பொதிகளைக் கடத்திக்கொண்டிருந்தால், அதை எழுதியது யார், எந்தப் பதவிக்காலத்தில் என்று தேடத் தொடங்குங்கள்.